கடல் கடந்த கருத்து

1833-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அமெரிக்க இளைஞர் ஒருவர் இலண்டனை அடுத்த ஹைகேட்டில் கவிஞர் கோல்ரிட்ஜின் இல்லத்தை நாடிச் சென்றார். அவர் பெயர் எமர்சன், வயது முப்பது. மனம் ஒப்பாத திருவிருந்துச் சடங்கை நடத்த இயலாமல், முந்திய ஆண்டிலேதான் பாஸ்டன் நகரில் தாம் வகித்த குருப் பதவியைத் துறந்திருந்தார். அதற்கு முந்திய ஆண்டில் இளம் மனைவியையும் இழந்திருந்தார். இனி எதனைப் பற்றி வாழ்வது என்னும் வினா அவர் உள்ளத்தை வருத்திற்று.

கோல்ரிட்ஜும் வேர்ட்ஸ்வொர்த்தும் சேர்ந்து 1798-இல் வெளியிட்ட கவிதைத் தொகுதி, ஆங்கில இலக்கியத்தில் புனைவியல் நெறிக்குக் கால்கோளாயிற்று எனலாம். உணர்ச்சியும் கற்பனையும் உண்மையைக் காட்டவல்லன என்பது அவர்தம் கொள்கை. மலையும் ஓடையும் அவர்களுக்கு வெறுங்காட்சிகள் அல்ல. மனிதனோடு உறவாடும் உயிர்ப் பொருள்கள். கோல்ரிட்ஜ், ஜெர்மானிய அறிஞர் கான்ட்டின் நூல்களையும் கற்றவர். புலன் தருவதை எண்ணி அளக்கும் சிற்றறிவு வேறு, மெய்ம்மையை நேரே உணரும் பேரறிவு வேறு என்று அவர் பிரித்துரைத்தார். (கான்ட் இவ்வளவு தூரம் சென்றவர் அல்லர்.) இக்கருத்தைக் கூறும் அவருடைய நூல் 1829-இல் அமெரிக்காவிலும் அச்சேறியது. எமர்சன் அதனை ஆர்வத்தோடு பயின்றார்.

நேரில் கண்டதோ வேறு. கோல்ரிட்ஜ், எமர்சன் சார்ந்திருந்த சமயப் பிரிவையே நெடுநேரம் கடிந்து பேசினார். தாம் அப்பிரிவிற் பிறந்து வளர்ந்தவர் என்று எமர்சன் இடையிட்டுக் கூறியும் பேச்சு நிற்கவில்லை! பச்சைக் கண்ணாடி அணிந்திருந்த வேர்ட்ஸ்வொர்த்தோ, தோட்டத்தில் நின்று, பள்ளிச் சிறுவன் பாடம் ஒப்பிப்பதுபோலத் தம் பாடல்களை ஓதினார். எமர்சனுக்கு முதலில் நகைப்பே எழுந்தது. கவிஞரைக் காண வந்தோம், கவிஞர் பாடுகிறார், இதில் பிழை யாது என்று பின்னர்த் தம்மையே திருத்திக்கொண்டார்.

நூலிற் கண்ட பேரொளியை நூலாசிரியரிடம் அவர் காணவில்லை. பிறராயின் மனம் கசந்திருப்பர். எமர்சனோ, அவ்வொளி கவிஞர் சிலர்க்கு மட்டும் உரியதன்று, எல்லார் உள்ளத்திலும் உறைவது எனத் துணிந்தார். அத்துணிவே 1836-இல் அவர் தம் பெயரிடாமல் வெளியிட்ட 'இயற்கை' என்னும் சிறுநூலின் உயிர்நாடி. அவ்வாண்டிலேயே ஒத்த கருத்துடைய நண்பர்களும் ஒன்றுகூடலாயினர். புலன்களைக் கடந்த உண்மையை உள்ளம் நேரே உணரும் என்றமையால், அவர்கள் கொள்கை கடந்தநிலைக் கொள்கை எனப்பட்டது. புனைவியலின் வழித்தோன்றல்தான் இது. ஆயினும் தாய் செல்லாத இடத்துக்குச் சேய் சென்றது. கவிஞர் உணர்ந்து பாடியதை இவர்கள் வாழ்க்கைக்கே விதியாக்கினர்.

எமர்சனின் இளைய நண்பர் தோரோ, 1845-இல் வால்டன் குளக்கரையில் எமர்சனுக்குரிய நிலத்தில் தம் கையாலேயே குடில் ஒன்று அமைத்தார். அதற்கான செலவு இருபத்தெட்டு டாலரும் சில காசுகளுமே! ஈராண்டுக்குச் சற்று மேலாக அவர் அங்கு வாழ்ந்தார். அந்நாளில், அடிமை முறைக்குத் துணைநின்ற அரசுக்கு வரி செலுத்த மறுத்து, 1846-இல் ஓர் இரவு சிறையிலும் இருந்தார். இளமையில் பிரெஞ்சுப் புரட்சியை வாழ்த்தி வரவேற்ற வேர்ட்ஸ்வொர்த், அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே இங்கிலாந்தின் அரசவைக் கவிஞராகியிருந்தார்.