காலிக்கோ ஆலையின் தறிக்கூடம்

புதிய யந்திரம் வந்தால் உற்பத்தி தானே பெருகும் என்பது ஆலை உலகில் வேதவாக்காக இருந்த காலத்தில், கௌதம் சாராபாய் தலைமையில் நடந்துவந்த அகமதாபாத் காலிக்கோ ஆலையில் தானியங்கித் தறிகளை நிறுவிய பின்னும் துணி எதிர்பார்த்தபடி கூடாமலும் சேதம் குறையாமலும் போகவே, நிர்வாகத்தார் லண்டன் டாவிஸ்டாக் நிலையத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் என்பவரின் உதவியை நாடினர். ரைஸ் அங்கே வந்தது 1953-இல்.

அவர் யந்திரத்தையும் பழிக்கவில்லை, தொழிலாளரையும் பழிக்கவில்லை. வேலை பங்கிடப்பட்டிருந்த விதத்தையே கூர்ந்து பார்த்தார். 224 தறிகள் ஓடிய கூடத்தில் 29 பேர் 12 வகை வேலைகளைச் செய்துவந்தனர். நெசவாளி ஒருவருக்கு 24 அல்லது 32 தறிகள், தார் நிரப்புகிறவருக்கு 40 முதல் 50 வரை, மொத்தமாக அறுந்த பாவை இணைப்பவருக்கோ ஏறக்குறைய 75 என்று ஆளுக்கொரு கணக்கு இருந்தபடியால், ஒரு தறி நின்றுவிட்டால் அதைச் சுற்றியுள்ளவர்களில் யாருக்கு யார் துணை, எவருடைய வேலை முந்தியது என்பதைத் தீர்மானிக்க மேற்பார்வையாளரைத் தவிர வேறு நாதியில்லை. பக்கத்தில் நின்றும் அவர்கள் ஒரு குழுவாக இல்லை.

ஒரு தொகுதித் தறிகளைச் சிறு குழு ஒன்றின் முழுப் பொறுப்பில் விட்டால் என்ன என்ற யோசனையை ரைஸ் முன்வைத்தார். நிபுணரும் நிர்வாகமும் திட்டத்தை விஸ்தாரமாக எழுதி முடிப்பதற்குள், தொழிலாளர்கள் தாமே பேசித் தத்தம் குழுக்களை அமைத்துக்கொண்டார்கள் என்பதே இதில் விசேஷம். உற்பத்தி உயர்ந்தது, சேதம் குறைந்தது. ஆயினும், வண்ண அட்டைகளோடு ஒரே நாளில் மனிதரை மாற்றிவிட முயலும் இக்காலப் பயிற்சி வகுப்புகளை நினைக்கும்போது, எனக்குப் பெரிதாகத் தோன்றுவது தங்கள் வேலையைத் தாங்களே சீரமைக்கும் அதிகாரம் அவர்கள் கைக்கு வந்ததுதான்.

இச்சிந்தனைக்கு வித்து இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் விழுந்தது. யந்திர ஏற்பாட்டையும் மனித உறவுகளையும் ஒரே அமைப்பாகப் பார்க்கவேண்டும் என்று ஆய்வாளர்களான எரிக் டிரிஸ்டும் கென் பாம்ஃபோர்த்தும் 1951-இல் எழுதியிருந்தனர்.

ரைஸின் சித்தாந்தப்படி, மேற்பார்வையாளர் குழுவுக்குள் நுழையாமல் அதன் எல்லையில் நின்று, நூலும் உதிரிப் பாகங்களும் தடையின்றி வந்துசேரக் காவல் காக்கவேண்டும். 1969-இல் ரைஸ் காலமான பின், மறு ஆண்டில் அவருடைய சகா எரிக் மில்லர் காலிக்கோ ஆலைக்குச் சென்று பார்த்தபோது, சாதாரணத் தறிகள் இருந்த ஒரு கூடத்தில் குழுமுறை பெரும்பாலும் அப்படியே நிலைத்திருந்தது. தானியங்கித் தறிகளின் பக்கத்திலோ அது தேய்ந்துபோய், மேற்பார்வையாளர்கள் மறுபடியும் குழுக்களின் உள் விவகாரங்களை நடத்தவேண்டியவர்களாகியிருந்தனர்.