காதைப் பொத்தும் பிள்ளையை அதட்டாதீர்கள்

திங்கட்கிழமை சபைகூடலில் ஒலிபெருக்கி கீச்சிட்டதும் ஆண்டு ஒன்று பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு குந்திவிடுகிறது. ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலைப் பக்கமே போவதில்லை. இன்னொரு பிள்ளை நாற்காலியை ஆட்டிக்கொண்டே இருக்கிறது, சட்டைக் காலரைக் கடித்து ஈரமாக்குகிறது. இரண்டையும் சேட்டை, பிடிவாதம் என்று ஒதுக்கிவிடுகிறோம். அடித்தும் அதட்டியும் மாறாத பழக்கமென்றால், அதன் காரணத்தைப் பிள்ளையின் உடம்பில்தான் தேட வேண்டும்.

புலன்கள் ஐந்து மட்டும்தானா?

ஐம்புலன்களோடு, உடம்பின் சமநிலையை உணரும் உட்காது, தசை மூட்டுகளின் அசைவுணர்வு, பசி தாகம் போன்ற உள்ளுணர்வு எல்லாம் மூளைக்கு ஓயாமல் செய்தி அனுப்புகின்றன. வேண்டாததை மூளை தள்ளிவிடுவதால்தான் நாம் ஒரு வேலையில் மனம் வைக்க முடிகிறது. சில பிள்ளைகளுக்கு இந்த வடிகட்டல் சீராக நடப்பதில்லை. அவர்களுக்குச் சட்டை லேபிள்கூட முள்ளாகக் குத்தும். வேறு சிலருக்கு வரும் தூண்டல் போதாது. அதனால் ஆடியும் கடித்தும் தேடிக்கொள்கிறார்கள்.

அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சையாளர் ஜீன் ஏர்ஸ் 1972இல் இதை நூலாக விளக்கினார். 2013இல் வெளிவந்த அமெரிக்க மனநலக் கையேடு, புலன் உணர்வு மிகுவதையும் குறைவதையும் ஆட்டிசத்தின் அறிகுறிகளில் சேர்த்தது. ஆனால் காதைப் பொத்தும் எல்லாப் பிள்ளைக்கும் ஆட்டிசம் இல்லை. இதைத் தனி நோயாக முத்திரை குத்தாமல், பின்னால் ஆட்டிசமோ கவனக்குறைவோ பதற்றமோ இருக்கிறதா என்று பாருங்கள் என 2012இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் அறிவுறுத்தியது. அதுவே சரியான அணுகுமுறை.

பினாங்கு ஜார்ஜ் டவுனின் சத்தமும் வெயிலும்

பாடம் நடக்கும் வகுப்பறையில் பின்னணி ஓசை 35 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 1999ஆம் ஆண்டு வழிகாட்டல். சாதாரணப் பேச்சே ஏறக்குறைய 60 டெசிபல். சன்னலைத் திறந்து, மின்விசிறியை முழு வேகத்தில் விட்டு, மோட்டார் சைக்கிள்கள் பறக்கும் சாலையோரத்தில் பாடம் நடத்தினால் இந்த அளவு எட்டாக்கனிதான். தைப்பூச ரத ஊர்வலத்தில் உறுமி மேளமும் தேங்காய் உடைக்கும் ஓசையும் கேட்டு ஒரு பிள்ளை துடித்துப்போனால், பெற்றோர் அதை மறக்காமல் வகுப்பாசிரியரிடம் சொல்ல வேண்டும். பள்ளிக்குப் பயன்படும் தகவல் அது.

உடையும் அப்படித்தான். கடும் வெயில் காரணமாக 2023இல் மாணவர்கள் விளையாட்டு உடையில் வரலாம் என மலேசியக் கல்வி அமைச்சு அனுமதித்தது. வெயிலுக்குத் தளர்ந்த விதி, தோல் கூசும் பிள்ளைக்கும் தளரலாமே! லேபிளை வெட்டிவிட்டு, துவைத்து மென்மையான சட்டையை அணிவிப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

வகுப்பில் செய்யக்கூடியவை

வெடித்து அழுத பிறகு சமாதானப்படுத்துவதைவிட முன்கூட்டியே கவனிப்பது எளிது. பயிற்சிப் புத்தகக் கட்டை அலுவலகத்துக்குத் தூக்கிச் செல்லச் சொல்லுங்கள். கரும்பலகையைத் துடைக்க விடுங்கள். சுவரை இரு கைகளாலும் பத்து முறை தள்ளச் சொல்லுங்கள். தசைக்கு வேலை கிடைத்ததும் பல பிள்ளைகள் அடங்கி உட்காருவதைப் பார்க்கலாம். சத்தத்துக்கு அஞ்சும் பிள்ளையைச் சபைகூடலில் ஒலிபெருக்கிக்குத் தள்ளி, வரிசையின் ஓரத்தில் நிறுத்தலாம். மணி அடிக்கப்போவதை முன்பே சொல்லி வைக்கலாம். நூலக மூலை ஒன்றை ஒதுங்கி அமரும் இடமாக்கலாம். அதைத் தண்டனை இடமாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள்.

வீட்டுப்பாடம் செய்யாததற்காக ஓய்வு நேரத்தைப் பறிப்பது மிகத் தவறு. ஓடியாடத் துடிக்கும் பிள்ளைக்கு அந்த நேரம்தான் மருந்து. கனமேற்றிய மேலங்கி போன்ற விலையுயர்ந்த சாதனங்களுக்கு ஆய்வு ஆதாரம் வலுவாக இல்லை. கடன் வாங்கி வாங்காதீர்கள்.

யாரைப் பார்ப்பது?

முதலில் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். செவித்திறனையும் பார்வையையும் சோதித்த பிறகு, தேவைப்பட்டால் குழந்தை மருத்துவரிடமோ தொழில்வழிச் சிகிச்சையாளரிடமோ அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். சிறப்புக் கல்வி வகுப்பில் சேர்க்க மருத்துவச் சான்று வேண்டும். இருக்கையை மாற்றவும் சத்தத்தைக் குறைக்கவும் எந்தச் சான்றும் வேண்டாம். எந்த நேரத்தில், எந்த இடத்தில், எதற்குப் பிறகு பிள்ளை தவிக்கிறது என்று இரண்டு வாரம் குறித்து வைத்து, அந்தத் தாளோடு வகுப்பாசிரியரிடம் நேரம் கேளுங்கள்.