நிலவுக்குப் போன லென்ஸ்கள்

பயணத்துக்குக் கேமரா பையைக் கட்டும்போது பலரும் லென்ஸ்களை எடை பார்த்துப் பொறுக்குகிறார்கள், அல்லது எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் திணிக்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது தூரம்தான். எதைப் படமெடுக்கப் போகிறோம், அதிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கப் போகிறோம்? இந்தக் கேள்வியை அப்போலோ பயணங்கள் அளவுக்குக் கூர்மையாகக் கேட்ட பயணம் வேறில்லை என்று நினைக்கிறேன். விட்டுவிட்டு வந்ததை எடுக்கத் திரும்பிப் போக முடியாத பயணம் அது.

1969 ஜூலையில் ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவின் தரையில் பயன்படுத்தியது ஸ்வீடன் நாட்டு ஹாசல்பிளாட் கேமரா. அதில் இருந்தது ஜெர்மனியின் சைஸ் நிறுவனம் செய்த 60 மி.மீ. பயோகான் லென்ஸ். 70 மி.மீ. ஃபிலிமில் ஏறத்தாழ 55 மி.மீ. சதுரமாகப் படம் விழும். அந்த அளவு படத்துக்கு 80 மி.மீ. லென்ஸ்தான் வழக்கம். அதைவிடச் சற்று அகலமான காட்சியைத் தருவதை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

விண்வெளி உடையை நினைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். தலைக்கவசத்துக்குள் இருப்பவர் கேமராவில் கண்ணை வைக்க முடியாது. அதனால் தரைக்கான கேமராவில் வ்யூஃபைண்டரே வைக்கவில்லை. கேமராவை மார்பில் மாட்டிக்கொண்டு, உடம்பைத் திருப்பித்தான் குறி பார்த்தார்கள். குறி சற்றுப் பிசகினாலும் அகன்ற லென்ஸ் பொருளைச் சட்டத்துக்குள் பிடித்துக்கொள்ளும்.

இன்னொரு லாபம் தெளிவில். குவியத் தொலைவு குறையக் குறைய, முன்னும் பின்னும் தெளிவாக விழும் பகுதி நீளும். 60 மி.மீ. லென்ஸை எஃப்/11 திறப்பில் ஏழு மீட்டரை ஒட்டிக் குவித்தால், மூன்றரை மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாம் தெளிவாக இருக்கும். அதே திறப்பில் 80 மி.மீ. லென்ஸுக்கு அந்தத் தெளிவு ஆறு மீட்டருக்கு அப்பால்தான் தொடங்கும். தடித்த கையுறை போட்ட விரலால் நுணுக்கமாக ஃபோகஸ் செய்ய முடியாது. அருகே, நடுவே, தொலைவே என்று மூன்று நிலைகள் போதுமென்றால் அது பெரிய விடுதலை. நிலவில் மேகமும் இல்லை, காற்றும் இல்லை. வெயில் மாறாது. ஆகவே வெயிலுக்கும் நிழலுக்குமான திறப்பு அளவுகளை ஃபிலிம் பெட்டியின் மேலேயே அச்சடித்து ஒட்டிவிட்டார்கள்.

அந்தப் படங்களில் தெரியும் சிறு சிலுவைக் குறிகளும் பையில் வைத்துக் கட்டியவைதான். ஃபிலிமுக்கு முன்னால் ஒரு கண்ணாடித் தகடு. அதில் பத்து மி.மீ. இடைவெளியில் 25 குறிகள். ஃபிலிம் சுருங்கினாலும் இழுபட்டாலும் குறிகளின் இடைவெளி காட்டிக்கொடுத்துவிடும். படத்திலிருந்து பாறையை அளக்க நினைத்தவர்களுக்கு அது அடிக்கோல். ஃபிலிம் கண்ணாடியை ஒட்டி ஓடும்போது நிலைமின்சாரம் சேர்ந்து பொறி தட்டக்கூடும். அதனால் தகட்டின் மேல் மின்கடத்தும் மெல்லிய பூச்சு ஒன்றையும் பூசினார்கள். இப்படி ஒரு பொறியை முன்கூட்டியே நினைத்துப் பார்த்த மூளையை வியக்காமல் இருக்க முடியவில்லை.

திரும்பும்போது ஃபிலிம் பெட்டிகள் மட்டும் வந்தன. தரையில் பயன்பட்ட கேமராவை லென்ஸோடு அங்கேயே விட்டுவிட்டார்கள். மேலே கிளம்பும் கலத்துக்கு ஒவ்வொரு கிலோவும் சுமை. அந்த முறை கொண்டுவந்த கல்லும் மண்ணும் சுமார் 21.5 கிலோ.

சுற்றுப்பாதையில் இருப்பவர்களுக்குத் தேவை வேறு. படத்தில் ஒரு பொருள் எவ்வளவு பெரிதாக விழும் என்பது எளிய கணக்கு. பொருளின் அளவைக் குவியத் தொலைவால் பெருக்கி, தூரத்தால் வகுக்க வேண்டும். நிலவிலிருந்து பூமி ஏறத்தாழ 3,80,000 கி.மீ. தள்ளி இருக்கிறது. பூமியின் விட்டம் 12,742 கி.மீ. 80 மி.மீ. லென்ஸில் நம் உலகம் மூன்று மி.மீ. கூட வராது. 1968 டிசம்பர் 24 அன்று அப்போலோ 8-இல் இருந்த வில்லியம் ஆண்டர்ஸ், நிலவின் விளிம்புக்கு மேல் பூமி எழுவதைப் படமெடுத்தபோது கேமராவில் இருந்தது 250 மி.மீ. லென்ஸ். பூமி எட்டு மி.மீ.க்குச் சற்று மேல் விழுந்தது. உலகமே கண்டு மலைத்த நீல உருண்டைக்கு அந்த வித்தியாசம் தேவைப்பட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1972 டிசம்பரில் அப்போலோ 17 எடுத்த முழு பூமியின் படத்துக்கோ 80 மி.மீ. லென்ஸே போதுமானதாக இருந்தது. கலம் அப்போது பூமியிலிருந்து சுமார் 30,000 கி.மீ. தூரத்தில்தான் இருந்தது.

எனக்குப் பிடித்த தேர்வு 1971-இல் நடந்தது. அப்போலோ 15 இறங்கிய இடத்தருகே ஹாட்லி என்ற பெரும் பள்ளம் ஓடுகிறது. அகலம் ஒரு கிலோமீட்டருக்கு மேல், ஆழம் சுமார் 300 மீட்டர். எதிர்க்கரைக்கு யாரும் நடந்து போக முடியாது. தலைவர் டேவிட் ஸ்காட் 500 மி.மீ. டெலி லென்ஸ் வேண்டும் என்று வற்புறுத்தி அதைக் கொண்டுபோனார். எதிர்ச்சுவரில் ஒரு மீட்டர் பாறை, 60 மி.மீ. லென்ஸில் ஒரு மி.மீ.யின் இருபதில் ஒரு பங்காகத்தான் விழும். 500 மி.மீ. லென்ஸில் எட்டு மடங்கு பெரிதாக விழும். அந்தப் படங்களில் சுவரின் பாறை அடுக்கடுக்காகத் தெரிந்தது. எரிமலைக் குழம்பு ஒரே முறையில் கொட்டி உறையவில்லை, பலமுறை ஓடி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கிறது என்பதற்கு அது நேரடிச் சாட்சி. அடுத்துப் போன அப்போலோ 16-இலும் 17-இலும் அந்த 500 மி.மீ. லென்ஸுக்கு இடம் ஒதுக்கப்பட்டது.