காட்டும் வேலையும் மறுக்கும் வேலையும்

“கந்தையானாலும் கசக்கிக் கட்டு” என்பது நம் முன்னோர் வாக்கு. உடுக்கும் துணியைக் கசக்கக் கற்ற நாம், குடியிருக்கும் வீட்டின் மதிற்சுவரையும் மொட்டைமாடியையும் மழைக்கும் பாசிக்கும் விட்டுவிடுகிறோம். இக்குறையைத் தீர்க்க வந்ததே ‘பிரஷர் வாஷர்’ என்று வழங்கும் உயர் அழுத்த நீர்ப்பொறி. பொறியை வாங்குவது எளிது. கையில் பணமோ கடனோ இருந்தால் போதும். அதற்கு வேலை தேடுவதுதான் அரிது. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு போன்ற சென்னைப் பகுதிகளில் இத்தொழிலுக்குப் புதிய வாடிக்கையாளரைப் பெறும் வழி யாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். பள்ளிப் படிப்போடு நின்றுவிட்ட என் அண்ணன் கடன் வாங்கி இப்பொறி ஒன்றை வைத்துத் தொழில் நடத்துகிறார். மாதத் தவணை, வீட்டு வாடகை, என் புத்தகச் செலவு ஆகிய மூன்றும் அந்த ஒரு குழாய் முனையிலிருந்தே வரவேண்டும். ஞாயிறுதோறும் உடன் சென்று குழாய் பிடிப்பதும் கணக்கு எழுதுவதும் என் பங்கு. ஆகவே நான் எழுதுவது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று.

பொறியின் இயல்பு

விற்பவன் தன் பொருளை முதலில் அறிந்திருக்க வேண்டும். பத்து மீட்டர் உயரத்தில் உள்ள தொட்டியிலிருந்து இறங்கும் குழாய்நீரின் அழுத்தம் ஏறத்தாழ ஒரு ‘பார்’. சிறிய பொறிகூட 100 பார் அழுத்தம் தரும். அஃதாவது 1,000 மீட்டர் உயரத் தொட்டிக்குச் சமம். அண்ணா சாலையில் 1959-இல் திறக்கப்பட்ட எல்.ஐ.சி. கட்டடத்தின் உயரம் சுமார் 54 மீட்டர். அதுபோன்ற பதினெட்டுக் கட்டடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உச்சியில் தொட்டி வைத்ததாக எண்ணிப் பாருங்கள்! வகுப்பில் படித்த பெர்னோலி விதிப்படி கணக்கிட்டால், முனையிலிருந்து நீர் வினாடிக்குச் சுமார் 140 மீட்டர் வேகத்தில் பாயும். பாசியைப் பெயர்ப்பது தண்ணீரின் அளவன்று, அதன் வேகமே.

இதிலிருந்து வாடிக்கையாளரிடம் சொல்லத்தக்க செய்தி ஒன்று கிடைக்கிறது. தோட்டக் குழாயில் நிமிடத்துக்கு 15 முதல் 20 லிட்டர் வரை செலவாகும்; சிறிய பொறிக்கு 6 முதல் 8 லிட்டர் போதும். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற ஊர் இது. இங்கே “சுத்தமாகும்” என்று சொல்லுமுன் “தண்ணீர் வீணாகாது” என்று சொல்லவேண்டும். வாசலில் நிற்கும் அம்மையார் முதலில் கேட்பதும் அதுதான்: “ஏம்ப்பா, என் சம்ப்பைக் காலி பண்ணிடுவியா?” எண்ணிக்கையோடு விடை சொன்னால் பாதிக் கதவு திறந்துவிடும்.

காட்டினால் நம்புவர்

நம் நாட்டில் தூய்மையை வீடு வீடாகச் சென்று விற்றுக் காட்டிய நிறுவனம் யுரேகா ஃபோர்ப்ஸ். 1982-இல் தொடங்கிய அந்நிறுவனத்தின் விற்பனையாளர்கள், தூசி உறிஞ்சும் பொறியைக் கூடத்துக்கே கொண்டுவந்து இயக்கிக் காட்டினர். தன் வீட்டுத் தூசியைத் தன் கண்ணால் கண்டவருக்கு வேறு சொற்பொழிவு தேவைப்படவில்லை. ஜெர்மனியின் கார்ச்சர் நிறுவனமோ உலகையே கூடமாக்கிக்கொண்டது. 1980-இல் ரியோ டி ஜெனிரோவின் ஏசு சிலையையும், 2005-இல் அமெரிக்காவின் ரஷ்மோர் மலைச் சிற்பங்களையும் தூய்மை செய்து, தன் பொறியின் ஆற்றலை உலகறியச் செய்தது.

நமக்குச் சிலையும் மலையும் வேண்டா. ஒரு படிக்கட்டு போதும். “ஐயா, ஒரே ஒரு படியில பாதி மட்டும் கழுவிக் காட்டறேன், பார்த்துட்டுச் சொல்லுங்க” என்பார் அண்ணன். கழுவிய பாதியும் கழுவாத பாதியும் அருகருகே கிடக்கும். ஐந்து நிமிடத்துக்குமேல் ஆகாது. அடுக்குமாடிக் குடியிருப்பாயின், வாட்ச்மேனிடம் மரியாதையாகப் பேசி, சங்கச் செயலாளரின் இசைவு பெற்ற பின்னரே பொறியை இறக்க வேண்டும். ஒரு வீட்டு வேலை பிடித்துவிட்டால், குடியிருப்பு முழுவதற்குமான படம் அவர்கள் வாட்ஸ்அப் குழுவில் தானே பரவும். பாசி படிந்த மாடியையும் கழுவிய மாடியையும் ஒரே இடத்தில் நின்று எடுத்த இரு படங்களே சிறந்த விளம்பரம்.

சுவரில் நோட்டீசு ஒட்டுவது மட்டும் கூடாது. பொது இடங்களை உருக்குலைப்பதைத் தடுக்க 1959-ஆம் ஆண்டிலேயே நம் மாநிலத்தில் சட்டம் வந்துவிட்டது. சட்டம் கிடக்கட்டும், சுவரைக் கழுவ வருபவனே சுவரில் பசை தடவினால் யார் நம்புவார்?

காலமும் இடமும்

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மழை நின்றதும் மொட்டைமாடியில் பாசி வழுக்கும். துணி உலர்த்தச் செல்லும் முதியோர் விழுவதும் அப்போதுதான். அடுத்து வருவது போகி. வீட்டைத் துப்புரவு செய்ய எல்லோரும் எண்ணும் வேளை. ஆகவே மழை நாட்களில் வீடு தேடிப் பேசி வைத்து, மழை விட்டதும் வேலையில் இறங்குவது அறிவுடைமை.

இடத்துக்கு இடம் தேவை மாறும். தியாகராய நகரின் கடைத்தெருக்களில் தீபாவளிக்கு முன்னர், அதுவும் கடை திறக்குமுன் விடியற்காலையில்தான் வேலை நடக்கும். மயிலாப்பூரில் பங்குனித் திருவிழாவுக்கு முன் மாட வீதி வீடுகள் வாசலைத் துலக்க விரும்பும். அடையாற்றை அடுத்த பெசன்ட் நகரில் கடற்காற்று கொணரும் உப்பு, ஜன்னல் கம்பியிலும் சுவரிலும் படியும். ஒரே பேச்சை மூன்று ஊருக்கும் பேசுபவன் விலைபோகான்.

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வீடுகளைச் சேற்றால் நிரப்பியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் நகரம் நீரில் நின்றது. அத்தகைய நாளில் இரு மடங்கு கூலி கேட்பது எளிது. ஆனால் துன்பத்தில் விலை ஏற்றியவன் முகத்தை எந்தத் தெருவும் மறவாது. ஏற்றாதவன் முகத்தையும் மறவாது.

மறுக்கும் துணிவு

வேலையை மறுத்தும் வாடிக்கையாளரைப் பெறலாம் எனின் வியப்பாக இருக்கலாம். மயிலாப்பூரின் பழைய வீடுகள் சில ‘மெட்ராஸ் டெரஸ்’ கூரை உடையவை. தேக்கு உத்தரங்களின்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து இட்ட கூரை அது. வேகநீர் பட்டால் பாசியோடு சாந்தும் பெயரும். “இதுக்குப் பொறி ஆகாதும்மா, தேங்காய் நார்ப் பிரஷ்ஷால தேய்ச்சாப் போதும்” என்று சொல்லித் திரும்பினால் அன்றைய கூலி போகும். ஆனால் அந்த அம்மையார் தம் மகளின் அடுக்குமாடி வீட்டுக்கு நம்மையே அழைப்பார்.

இன்னொரு மறுப்பு இதனினும் பெரிது. “பொறிதான் வெச்சிருக்கியே, அப்படியே அந்த செப்டிக் டேங்க்லயும் இறங்கிப் பார்த்துடு, கூடக் காசு தரேன்” என்று கேட்பவர் உண்டு. உரிய பாதுகாப்பின்றி மனிதரைக் கழிவுநீர்த் தொட்டியில் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. நச்சுவாயு ஒரு மூச்சில் உயிரைப் பறிக்கும். தவணை நாள் நெருங்கி, கையில் காசின்றி நிற்கும்போது இக்கேள்வி வருவதுதான் கொடுமை. எத்தனை ரூபாய் தந்தாலும் “முடியாதுங்க” என்று அண்ணன் சொல்வதை நான் அருகிலிருந்து கேட்டிருக்கிறேன். அந்த ஒரு சொல்லில்தான் எங்கள் வீட்டின் நாளைய சோறும் என் பட்டமும் இருக்கின்றன என்பேன்.

மாணவ நண்பர்களே! அந்நியர் ஒருவரைத் தம் வீட்டு வாயிலுக்குள் விடுபவர் வாங்குவது பொறியின் அழுத்தத்தை அன்று, ஆளின் நாணயத்தை. சிறிது செய்து காட்டுதல், விலையையும் நீரின் அளவையும் முன்னரே உரைத்தல், காலம் அறிந்து செல்லுதல், தகாததை மறுத்தல் ஆகிய நான்கும் அந்த நாணயத்தின் அடையாளங்கள். பட்டம் பெற்றபின் வேலைக்குக் காத்திருக்கும் நாட்களில் சிறுதொழில் ஒன்றில் இறங்க எண்ணும் எவருக்கும் இந்நான்கும் பொருந்தும்.