கீழாநெல்லி கல்லீரலைக் காக்குமா?

நியாலாஸ் போன்ற தோட்டப்புறங்களில் மஞ்சள் காமாலை என்றதும் பெரியவர்கள் தேடுவது கீழாநெல்லியைத்தான். இலைக்குக் கீழே காய் தொங்குவதால் இந்தப் பெயர். மலாய்க்காரர்கள் 'டுக்கோங் அனாக்' என்பார்கள். இதை அரைத்து மோரில் குடித்தவர்களுக்குக் காமாலை இறங்கியதும் உண்டு. ஆனால், ஹெப்படைட்டிஸ் ஏ கிருமியால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். பல ஆண்டுகள் ஓசையின்றிக் கல்லீரலை அரிக்கும் நாட்பட்ட நோய்தான் ஆபத்தானது. அதற்கும் மூலிகை உதவுமா?

தாவரங்களில் 'ஃபிளேவனாய்டு' என்ற பொருள்கள் உள்ளன. வெங்காயம், தேயிலை, கீழாநெல்லி எல்லாவற்றிலும் இவை உண்டு. கல்லீரல் தொடர்ந்து புண்பட்டால் தழும்பு விழுந்து இறுகிப்போகும். அந்தப் புண்ணை இவை ஆற்றக்கூடும் என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டின. ஆனால், வாய்வழி உட்கொள்ளும்போது உடல் இவற்றைக் குறைவாகவே ஏற்றுக்கொள்கிறது.

மனிதர்களிடம் நடந்த சோதனைகள் என்ன சொல்கின்றன? 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி.தியாகராஜனும், நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கும் ஹெப்படைட்டிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடி கொடுத்த ஆய்வு வெளிவந்தது. 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. உலகமே வியந்தது. ஆனால், பிற நாடுகளில் பின்னர் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிட்டவில்லை.

நம் நாட்டிலும் ஓர் ஆய்வு நடந்தது. 'மில்க் திசில்' என்ற முட்செடியின் விதையிலிருந்து எடுக்கும் சிலிமாரின், ஃபிளேவனாய்டு வகையைச் சேர்ந்தது. கொழுப்பால் கல்லீரல் அழற்சி கண்ட 99 பேரிடம் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் இதை 48 வாரங்கள் சோதித்து 2017இல் முடிவை வெளியிட்டனர். முக்கிய இலக்கு எட்டப்படவில்லை. ஆயினும், தழும்பு குறைந்தவர்கள் சிலிமாரின் உண்டோரில் 22.4 விழுக்காடு, வெறும் மாத்திரை உண்டோரில் 6 விழுக்காடு. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால், பெரிய ஆய்வுகள் உறுதிசெய்யாமல் இதை மருந்து என்று சொல்லிவிட முடியாது.

மலேசியாவில் குழந்தைகளுக்கு ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி 1989இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவர்கள் ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. ஹெப்படைட்டிஸ் பி கிருமியை அடக்கவும், சி கிருமியை ஒழிக்கவும் இன்று மாத்திரைகள் உள்ளன. மூலிகை உண்பவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். மூலிகையை நம்பி மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்.