கிடக்கையும் உயிர்ப்பும்

எங்கள் நீர்வேலி வாழைத்தோட்டங்களிலே குதிரை இல்லை. நெடுந்தீவின் புல்வெளிகளிலே இன்றும் உண்டு. அங்கே போய்வந்த மாணாக்கன் ஒருவன், "ஐயா, குதிரை நின்றபடியே உறங்குவது எப்படி?" என்று வினவினான். கால் மூட்டுக்களைப் பூட்டிக்கொண்டு நிற்க வல்லது அது என்றேன். அதனை நெடுநேரம் கிடத்தினால் நேர்வது யாது என்பதோ அதனினும் பெரிய வினா.

சத்திரசிகிச்சைக்காக மயக்கமருந்து கொடுத்துக் குதிரையை ஒருக்களித்துக் கிடத்தினால், ஏறக்குறைய 500 கிலோகிராம் உடலின் பாரத்தாற் கீழ்ப்பக்கத்துச் சுவாசப்பை நெருக்குண்ணும். மல்லாத்தினாலோ இன்னும் கேடு. சுவாசப்பைகளின் பெரும்பகுதி முதுகுப்புறத்தது. ஆதலால் பெருங்குடல் பிரிமென்றகட்டின்மேற் சாய்ந்து இரண்டையும் அமுக்கும். (ஒருக்களித்தல், மல்லாத்தல், குப்புறக் கிடத்தல் என நாம் எளிதாகப் பிரித்துச் சொல்லும் கிடக்கைகள், குதிரை வைத்தியருக்கு உயிர்ப் பிரச்சினைகள்.) நெருக்குண்ட பகுதியிற் காற்றுப் புகாது; குருதியோ அதனூடே ஓடி, ஒட்சிசன் பெறாமலே இதயத்துக்கு மீளும். தூய ஒட்சிசனைச் சுவாசிக்கும்போது நாடிக்குருதியில் அதன் அமுக்கம் 500 மில்லிமீற்றர் இரசத்தைக் கடக்க வேண்டும்; மல்லாந்த குதிரையில் 100ஐயும் எட்டாதிருத்தலுண்டு.

அவ்வாறாயின் மல்லாத்தாது விடலாமே எனின், குடல் முறுக்குண்ட குதிரையின் வயிற்றைத் திறந்து சீராக்க வேறு வழியில்லை. இயந்திரத்தாற் காற்றை அழுத்திச் செலுத்தலாம். அது மிகுந்தால் இதயத்துக்கு மீளும் குருதி குறையும். முழுமயக்கத்துக்குட்படும் குதிரைகளில், பல காரணங்களால், நூற்றுக்கு ஒன்றளவு இறக்கின்றன. மனிதரில் இது மிக மிக அரிது. ஆகவே பல், கண் முதலியவற்றுக்கான சிகிச்சைகள் பலவற்றை இப்பொழுது அரைமயக்கமும் விறைப்புமருந்தும் கொடுத்து, குதிரை நிற்கும்போதே செய்து முடிக்கின்றனர்.