குடித்தவர் ஓட்டினார், குடும்பம் அலைகிறது

காஞ்சிபுரம் பட்டு குழித்தறியில் நெய்யப்படுவது. நெய்பவர் தரையோடு தரையாக உட்கார்ந்து, இரண்டு கால்களையும் குழிக்குள் விட்டு, மிதிகளை மாற்றி மாற்றி அழுத்த வேண்டும். கோர்வைச் சேலை என்றால் மூன்று நாடா ஓடும். மறு ஓரத்து நாடாவைத் தள்ள இன்னோர் ஆள் வேண்டும். பெரும்பாலும் மனைவி, இல்லாவிட்டால் பிள்ளை. இப்படி நடக்கும் வீட்டில் ஒருவருக்குத் தொடை எலும்பு முறிந்தால் நிற்பது அவர் மட்டுமல்ல, தறியும்தான். பாவு ஏறியபடியே கிடக்கும். முதலாளியிடமோ சங்கத்திலோ வாங்கிய முன்பணம் கழியாமல் கடனாக நிற்கும்.

தறியை மட்டும் நம்பியிருந்த காலமும் போய்விட்டது. முசரவாக்கம் மாதிரி காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். நைட் ஷிப்ட் முடித்துச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பைக்கில் திரும்புகிற ஒருவர் மீது, குடித்துவிட்டு ஓட்டி வந்தவர் மோதினால் அதை விபத்து என்கிறோம். சட்டத்தின் கண்ணில் அது குற்றம். அடிபட்டவரும் அவர் வீட்டாரும் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்கள். ஆனால் திருட்டு கொடுத்த வீட்டுக்குக் கிடைக்கிற கவனம்கூட இந்த வீட்டுக்குக் கிடைப்பதில்லை. ‘விதி’ என்று சொல்லிவிட்டு ஊர் கலைந்துவிடுகிறது.

எண்களைப் பார்த்தால் இது சின்ன விஷயம் போலத் தோன்றும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் மது, போதைப்பொருள் காரணம் என்று பதிவானவை 4,201 மரணங்கள்தான். நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. சனிக்கிழமை இரவு நெடுஞ்சாலையோரம் டீக்கடை வைத்திருப்பவரிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் சிரிப்பார். அளந்தது மட்டும்தான் கணக்கில் வரும். அளக்காதது ‘அதிவேகம்’, ‘அஜாக்கிரதை’ என்று வேறு கட்டத்தில் போய்ச் சேரும்.

அளப்பதில்தான் எல்லாமே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு வைத்திருக்கும் வரம்பு, 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லி கிராம் ஆல்கஹால். அதைத் தாண்டினால் முதல் முறை ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், இல்லை இரண்டும். மனித உடல் ஒரு மணி நேரத்துக்கு, அதே 100 மில்லி லிட்டர் ரத்தக் கணக்கில், சுமார் 15 மில்லி கிராம் வீதம் ஆல்கஹாலைக் கழித்துவிடுகிறது. அதாவது மோதிய நேரத்தில் 90 இருந்தவர், நான்கு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுத்தால் வரம்புக்குள் வந்துவிடலாம். ‘வாயில் மது வாடை வந்தது’ என்று மருத்துவர் எழுதினால் போதாதா? போதாது. வாடையும் விரிந்த கண்மணியும் மட்டுமே போதையை நிரூபித்துவிடாது என்று 1971-லேயே உச்ச நீதிமன்றம் ஒரு மகாராஷ்டிர வழக்கில் சொல்லிவிட்டது. ஊதச் சொல்லிக் கருவியில் எண் பதிய வேண்டும். அல்லது நேரத்தோடு எடுத்த ரத்தம் ஆய்வகத்துக்குப் போக வேண்டும்.

ரத்தம் எடுத்த பிறகும் நிம்மதி இல்லை என்பதைப் புனே காட்டியது. 2024 மே 19-ம் தேதி அதிகாலை, கல்யாணி நகரில் ஒரு போர்ஷே கார் பைக் மீது மோதி இரண்டு இளம் ஐ.டி. ஊழியர்கள் இறந்தார்கள். காரை ஓட்டியவர் 17 வயதுச் சிறுவர் என்பதால் சிறார் நீதி வாரியம் ஜாமீனுக்கு முதலில் வைத்த நிபந்தனைகளில் ஒன்று, சாலை விபத்து பற்றி 300 வார்த்தையில் கட்டுரை எழுதுவது. நாடு கொதித்தது அதற்காக. அதைவிடப் பெரிய விஷயம் அடுத்த வாரம் வெளியே வந்தது. அரசு சசூன் மருத்துவமனையில் ரத்த மாதிரியையே மாற்றிவிட்டார்கள் என்று போலீஸ் இரண்டு மருத்துவர்களைக் கைது செய்தது.

இங்கேதான் குடும்பத்தின் கஷ்டம் புரிய வேண்டும். மோதலுக்குப் பிறகான அந்த நான்கு மணி நேரமும் அடிபட்டவரின் மனைவியும் அம்மாவும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிறார்கள். ரத்தம் வேண்டும், ஸ்கேன் எடுக்க வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும். ஓட்டியவரை ஊதச் சொன்னார்களா, ரத்தம் எடுத்தார்களா என்று போலீஸ் ஸ்டேஷனில் கேட்க ஆள் இல்லை. எதிர்த்தரப்பிலோ வக்கீலே வந்துவிடுவார். வழக்கு பாதி முடிவது அங்கேதான். உறவில் ஒருவர், சொந்த மாமாவோ தெருவில் படித்த பிள்ளையோ, ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு நேரே ஸ்டேஷனுக்குப் போய் அந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே பெரிய உபகாரம்.

சிகிச்சைச் செலவைப் பொறுத்தவரை தமிழ்நாட்டுக்காரர்கள் ஓரளவு கொடுத்துவைத்தவர்கள். பக்கத்து மேல்மருவத்தூரில் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், விபத்தான முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் பணம் கட்ட வேண்டியதில்லை. ரேஷன் கார்டு, சொந்த மாநிலம் எதுவும் கேட்கப்படாது. 2025 மே மாதம் மத்திய அரசும் ஏழு நாள் வரை ரூ.1.5 லட்சத்துக்குக் கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தை அறிவித்தது.

அதற்குப் பிறகு வருவது காகிதம். ஆஸ்பத்திரியில் ‘ஏ.ஆர். காப்பி’ எனும் விபத்துப் பதிவேட்டு நகல், ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். நகல், இறந்திருந்தால் போஸ்ட்மார்ட்டம் அறிக்கை, தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ். 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் போலீஸ் முதல் விபத்து அறிக்கையை இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும். பத்து நாளுக்குள், பாதிக்கப்பட்டவரின் உரிமைகள் என்னென்ன என்று அச்சிட்ட படிவத்தை வீட்டாரிடம் கொடுக்க வேண்டும். விரிவான அறிக்கைக்கு 90 நாள். இப்படி ஒரு படிவம் இருக்கிறது என்பதே நிறைய பேருக்குத் தெரியாது. தெரியாததைக் கேட்டு வாங்கவும் முடியாது.

இழப்பீட்டு வழக்கு, ஊர்ப் பேச்சில் ‘கிளெய்ம் கேஸ்’, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் நடக்கும். விபத்து கிருஷ்ணகிரியில் நடந்திருந்தாலும், குடும்பம் குடியிருக்கும் ஊருக்குரிய தீர்ப்பாயத்திலேயே போடலாம். ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்பது இப்போதைய சட்டம். அதை எதிர்த்த வழக்கில், தாமதம் என்ற காரணத்துக்காக மனுக்களைத் தள்ள வேண்டாம் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டிருக்கிறது. இருந்தாலும் ஆறு மாதத்தைத் தாண்டவிடாமல் இருப்பதே நல்லது.

எவ்வளவு கிடைக்கும்? இதற்கு நீதிமன்றம் கணக்கு வைத்திருக்கிறது. 38 வயது நெசவாளர், மாதம் 12,000 ரூபாய் கூலி, மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என்று நாலு பேர் அவரை நம்பியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சொந்தத் தொழில் செய்பவர் நாற்பதுக்குக் கீழே என்றால் வருங்கால வருமானத்துக்காக 40 சதவீதம் கூட்ட வேண்டும் என்றது 2017-ன் பிரணய் சேத்தி தீர்ப்பு. ஆக மாதம் 16,800; வருடத்துக்கு 2,01,600. அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் 1,51,200. அந்த வயதுக்கு 2009-ன் சரளா வர்மா தீர்ப்பு தரும் பெருக்கல் எண் 15. மொத்தம் 22,68,000 ரூபாய். இதற்கு மேல் துணையிழப்பு, ஈமச்செலவு போன்றவை தனி.

கணக்கு இவ்வளவு சுத்தமாக இருக்கும்போது சிக்கல் எங்கே? அந்த முதல் எண்ணில்தான். 12,000 என்பதற்கு என்ன ஆதாரம்? கூட்டுறவுச் சங்கத்தில் நெய்தவர் என்றால் கூலி ஏறிய பாஸ்புக் இருக்கும். தனி முதலாளிக்கு நெய்தவரிடம் ஒரு நோட்டில் பேனாவால் எழுதிய கணக்குதான். அதையும் யாரும் பத்திரப்படுத்துவதில்லை. கோர்வைக்கு நாடா தள்ளிய மனைவிக்குத் தனிக் கூலிக் கணக்கே கிடையாது. அவர் இறந்தால் அவரை ‘இல்லத்தரசி’ என்று எழுதிவிடுவார்கள். வீட்டு வேலைக்கும் வருமானம் கணக்கிட்டே ஆக வேண்டும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது அந்த அளவில் ஆறுதல். நெசவாளர் வீட்டில் கூலி நோட்டைச் சேலைப் பெட்டிக்குள் வைப்பது போலப் பத்திரமாக வைக்க வேண்டும்.

‘ஓட்டினவன் குடிச்சிருந்தான்னு நிரூபிச்சா இன்சூரன்ஸ்காரன் கைவிரிச்சிடுவானே’ என்ற பயம் பலருக்கு உண்டு. சில வக்கீல்களே குடிபோதையைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்பார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது: போதையில் ஓட்டினால் பாலிசி நிபந்தனை மீறப்படுகிறது. ஆனால் அந்த மீறல் ஓட்டியவருக்கும் கம்பெனிக்கும் இடையிலான விவகாரம். சாலையில் போன மூன்றாம் நபர் என்ன பாவம் செய்தார்? முதலில் குடும்பத்துக்குக் கொடு, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று 2023-ல் கேரள உயர் நீதிமன்றமும், 2025-ல் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கின்றன. போதையை மறைக்கத் தேவையில்லை.

மோதியவர் நிற்காமல் போய், வண்டியும் தெரியாமல் போனால் வேறு வழி. 2022 ஏப்ரல் 1 முதல் இதற்கான இழப்பீடு மரணத்துக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000 ரூபாய்; முன்பு 25,000-மும் 12,500-மும்தான். இதற்கு நீதிமன்றம் போக வேண்டாம், வருவாய்த் துறை அலுவலகத்தில் மனு கொடுத்தால் போதும்.

குற்ற வழக்கு தனிப் பாதை. அஜாக்கிரதையால் மரணம் விளைவித்ததற்கு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவில் இரண்டு ஆண்டாக இருந்த உச்சத் தண்டனை, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவில் ஐந்து ஆண்டு. போதையில் ஓட்டினால் உயிர் போகும் என்று தெரிந்தே செய்தார் என்று காட்ட முடிந்தால் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாகவும் ஆகும். மும்பை கார்ட்டர் சாலையில் 2006 நவம்பரில் நடைபாதையில் தூங்கிய ஏழு பேரைக் கொன்ற வழக்கில் அப்படித்தான் ஆனது. 2012-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த தண்டனை மூன்று ஆண்டு. ஏழு உயிருக்கு மூன்று ஆண்டா என்று தோன்றுவது இயல்பே.

இதற்கிடையில் வீட்டுக்கு ஆள் வரும். “கேஸு கீஸுன்னு அலைய வேணாம்மா, நடந்தது நடந்துபோச்சு, ஆஸ்பத்திரிச் செலவ நாங்க பாத்துக்கறோம்” என்று கனிவாகவே பேசும். மரணம் நேர்ந்த இந்தக் குற்றத்தில் இரு தரப்பும் சமரசம் செய்து வழக்கை முடித்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. எழுதிக் கொடுக்கும் காகிதத்தால் வழக்கு முடியாது. சாட்சி மட்டும் பலவீனமாகும். இன்னொரு பக்கம் ஆஸ்பத்திரி வாசலில் கமிஷன் பேசும் புரோக்கர். இந்த இரண்டு பேரும் வந்துவிடுகிறார்கள். வர வேண்டியவர் வருவதில்லை.

அமெரிக்காவில் அப்படி வருவதற்கென்றே ஓர் அமைப்பு உண்டு. 1980 மே 3 அன்று கலிபோர்னியாவில் 13 வயது காரி லைட்னரைக் குடித்துவிட்டு ஓட்டியவர் மோதிக் கொன்றார். ஏற்கெனவே இதே குற்றத்தில் பிடிபட்டு ஜாமீனில் வெளியே இருந்தவர். அவளுடைய தாய் காண்டஸ் லைட்னர் அதே ஆண்டு தொடங்கிய ‘குடித்து ஓட்டுவதற்கு எதிரான தாய்மார்கள்’ இயக்கம் சட்டங்களை மாற்றியதற்காகப் புகழ்பெற்றது. அதன் அமைதியான வேலை வேறு: பயிற்சி பெற்ற ஒருவர் பாதிக்கப்பட்ட வீட்டுக்குப் போய், போலீஸுக்கும் நீதிமன்றத்துக்கும் கூடவே நடப்பது.

தமிழ்நாட்டிலும் போராட்டத்துக்குக் குறைவில்லை. வழக்கறிஞர் கே.பாலு தொடுத்த வழக்கில்தான் 2016 டிசம்பர் 15 அன்று, நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் உத்தரவிட்டது. அடுத்த ஆண்டே சிறிய ஊர்களுக்கு 220 மீட்டர், நகராட்சிப் பகுதிக்கு விலக்கு என்று அது தளர்ந்தது. டாஸ்மாக் ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் கொண்டுவரும் மாநிலத்தில் விற்பதும் அரசு, ஊதச் சொல்வதும் அரசு. கடையை மூடச் சொல்லிப் போராடிய அளவுக்கு, அடிபட்ட வீட்டோடு நிற்கும் அமைப்பை நாம் வளர்க்கவில்லை.

புதிதாக ஒன்றும் உருவாக்க வேண்டியதில்லை. மாவட்டந்தோறும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. அதில் சட்டத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கேட்கலாம். தொலைபேசி எண் 15100. விபத்தில் ஒருவர் இறந்த தகவல் ஸ்டேஷனிலிருந்து தீர்ப்பாயத்துக்குப் போவது போல ஆணைக்குழுவுக்கும் போய், மூன்றாம் நாள் ஒரு தன்னார்வலர் வீட்டு வாசலில் நின்றால், புரோக்கருக்கு அங்கே வேலை இருக்காது. அவர் சொல்லக்கூடிய சின்னச் சின்ன விஷயங்கள் பல: சம்பாதித்த அப்பாவோ அம்மாவோ விபத்தில் இறந்தால், அரசுப் பள்ளிப் பிள்ளைக்குத் தலைமையாசிரியர் வழியாக 75,000 ரூபாய் கேட்கலாம், தூக்கம் வராமல் தவிக்கும் தாய் 14416-ல் இரவிலும் மனநல ஆலோசகரிடம் பேசலாம்.

யாருமே எட்டிப் பார்க்காத இன்னொரு வீடும் இருக்கிறது. குடித்துவிட்டுத் தானே ஓட்டி, தானே மோதி இறந்தவரின் வீடு. அவர் மனைவி மூன்றாம் நபர் காப்பீட்டில் கேட்க முடியாது, தவறு கணவர் பக்கம். உரிமையாளருக்கான 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடும் போதை என்றால் கிடைக்காது. வெட்கத்தால் அக்கம்பக்கத்தில் உதவி கேட்கவும் வாய் வராது. வங்கிக் கணக்கிலிருந்து வருடம் 436 ரூபாய் பிடித்துக்கொள்ளும் பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீட்டில் அவர் சேர்ந்திருந்தால், மரணத்தின் காரணம் எதுவானாலும் 2 லட்சம் உண்டு. அந்தப் பெண் கணவரின் வங்கிப் பாஸ்புக்கை எடுத்து, அந்த 436 ரூபாய் கழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கழிந்திருந்தால் மரணச் சான்றிதழோடு அதே வங்கிக் கிளைக்குப் போகலாம்.